மூன்றாம் விண்ணப்பதாரர்

வெளிநாட்டுக்குக் குடிபோகிற தம்பதிகள் விசாவுக்குப் படுகிற பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தால், பேசாமல் மேடவாக்கத்திலேயே கிடந்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளையின் முகத்தை யாரோ ஒரு சித்தப்பாவின் முதுகு மறைத்திருக்கும்; வேறு படம் கொண்டு வா என்பார்கள். அப்பா பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். அந்த அப்பாவே நேரில் வந்து நின்று சொன்னாலும் எடுபடாது.

சுடர்க்கொடியும் அவள் கணவன் குலசேகரும் இந்தக் கூத்தையெல்லாம் ஒருவழியாக முடித்துவிட்டார்கள். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். நாளைக்கு நமக்கே அங்கே விசா தேவைப்படலாம், எதற்கு வம்பு. குளிர் நாடு, பணக்கார நாடு, வேலைக்கு ஆள் போதாத நாடு, அவ்வளவு போதும். குலசேகர் பாலங்களில் விரிசல் பார்க்கிற இன்ஜினியர். அவனுக்கு அங்கே நல்ல வேலை கிடைத்திருந்தது. சுடர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். ராஜினாமாக் கடிதம் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதன் பெயர் முன்னோட்டம்.

தேனாம்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அந்த விசா மையம் இருந்தது. அங்கே இவர்களுடைய விண்ணப்பத்தைக் கவனித்துக்கொண்டவர் லொரேட்டா மேடம். ஐம்பது வயதுக்காரர், கழுத்தில் சின்னச் சிலுவை, எதையும் சிரித்த முகமாகச் சொல்லிப் பழகிய குரல்.

"ஒண்ணும் வலிக்காது. கொஞ்ச நேரம் அந்தப் படுக்கையில படுக்கணும், அவ்வளவுதான். உங்க உடம்பு, மூளை, ஞாபகம் எல்லாத்தையும் மிஷின் அப்படியே ஒரு பிரதி எடுத்துக்கும். அந்தப் பிரதியை மிஷினுக்குள்ளேயே அந்த நாட்டுல கொண்டுபோய் இறக்கிடுவோம். அவங்க அங்க வாழ்ந்து காட்டுவாங்க. சண்டை போட்டுப் பிரியறாங்களா, வரி ஒழுங்கா கட்டறாங்களா, வம்பு தும்புக்குப் போறாங்களா, எல்லாம் தெரிஞ்சுடும். ஏழு வருஷம் பார்த்துட்டு விசா குடுத்துடுவாங்க."

"ஏழு வருஷமா!" என்று குலசேகர் பதறினான்.

"அங்கதான் சார் ஏழு வருஷம். இங்க ஏழு வாரம். வெளியில ஒரு வாரம்னா உள்ள ஒரு வருஷம் ஓடிடும்."

சுடருக்கு வேறொன்று உறுத்தியது. "உள்ள இருக்கிறவங்களுக்கு, தாங்க பிரதின்னு தெரியுமா மேடம்?"

"எப்படித் தெரியும்? விசா கிடைச்சுது, பிளேன் ஏறினோம், வந்து இறங்கினோம்னுதான் அவங்களுக்கு இருக்கும். உங்களை மாதிரியே காபி குடிப்பாங்க, உங்களை மாதிரியே கோவிச்சுப்பாங்க. நாங்க இங்க அவங்களை முன்போனவங்கன்னு சொல்லுவோம்."

பிரதி எடுக்கிற அறையில் பச்சை உடுப்புப் போட்ட ஒரு பெண் வரிசையாகக் கேள்வி கேட்டாள். உடம்புக்குள் ஸ்டீல் தகடு ஏதாவது உண்டா, இருதயத்தில் கருவி வைத்திருக்கிறதா, கர்ப்பமாக இருக்கிறீர்களா.

"இல்லை," என்றாள் சுடர்.

இருந்தாள். நாள் தள்ளிப்போயிருந்தது குலசேகருக்குத் தெரியும், சோதிக்கிற அட்டையை விற்ற மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும், வேறு ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. மூன்று மாதம் முடிகிறவரை வெளியே சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும். இதை அவளுக்கு யாரும் உட்காரவைத்துப் பாடம் எடுக்கவில்லை. அவள் வீட்டில் அக்கா, அண்ணி, அத்தை மகள் எல்லாரும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், அவளும் மூடிக்கொண்டாள். பெற்ற அம்மாவிடமே சொல்லாததைப் பச்சை உடுப்புக்காரியிடமா போய்ச் சொல்வாள்? பக்கத்தில் நின்ற குலசேகர் சுவரில் ஒட்டியிருந்த பனிமலைப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போதே கரு கலைந்துவிட்டது. டாக்டரம்மா, "முதல் தடவை சகஜம்மா, மனசைத் தளர விடாதே," என்று சொல்லி அனுப்பினார். சுடருக்கு வயிற்றைவிட நெஞ்சு வலித்தது. வந்ததையே யாரிடமும் சொல்லவில்லையே, போனதை எந்த வாயால் சொல்வது? அம்மா போனில், "ஸ்வெட்டர் வாங்கிட்டியாடி? என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டபோது, "ஜலதோஷம்மா," என்றாள். குலசேகர் இரண்டு நாள் லீவு போட்டு ரசம் வைத்துக் கொடுத்தான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அந்த மிஷின் படுக்கையில் படுத்ததால்தான் போய்விட்டதோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் மட்டும் வந்து வந்து போனது.

முன்னோட்டம் முடிந்ததும் விசா மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். லொரேட்டா மேடம் வழக்கம்போலச் சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தார்.

"ரொம்ப நல்ல ரிப்போர்ட். இந்த மாதிரி ஒத்துமையான ஜோடியை நான் பார்த்ததே இல்லை. விசாவுக்கு ஒரு தடையும் கிடையாது. ஒரே ஒரு சிக்கல்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பேருக்காகத் திறந்த கோப்பு இது. இப்ப உள்ள மூணு பேர் இருக்காங்க."

இரண்டு பேருக்கும் புரியவில்லை.

"உள்ள இருக்கிற தம்பதிகளுக்குக் குழந்தை உண்டாகாது. அப்படித்தான் அமைச்சிருக்கோம். புதுசா ஒரு உயிரை உருவாக்க எங்களுக்கு உரிமை இல்லை. பாவம், உள்ள எல்லாரும் டாக்டர் டாக்டரா அலையறாங்க, காரணம் தெரியாமலே. ஆனா உங்க பிரதியில குழந்தை ஏற்கெனவே இருந்திருக்கு. மேடம், அதுக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேக்கறதே."

"அது கலைஞ்சு போச்சு," என்றான் குலசேகர். அந்த வார்த்தையை அவன் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னான்.

"இங்க கலைஞ்சிருக்கு சார். அங்க தங்கிடுச்சு. பெண் குழந்தை. ஆறு வயசு முடிஞ்சிருக்கு. பேரு எழில்."

சுடருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்தப் பெயரை அவள் குலசேகரிடம்கூடச் சொன்னதில்லை. பரிசோதனை செய்துகொண்ட அன்று பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸில், பெண்ணாக இருந்தால் எழில் என்று வைக்கலாமா என்று ஒரே ஒரு தடவை நினைத்தாள். மனசுக்குள் நினைத்ததை எங்கேயோ இருக்கிற இன்னொரு சுடர் எடுத்து, நிஜமாகவே ஒரு பிள்ளைக்கு வைத்துவிட்டிருக்கிறாள்.

"அங்க மட்டும் எப்படித் தங்கும்?" என்று கேட்டாள்.

"அதுக்கெல்லாம் காரணம் கிடையாது மேடம். ஒரு தடவை தங்கும், ஒரு தடவை தங்காது. நீங்க ஒண்ணும் தப்பா நடந்துக்கலை."

சுடர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கேட்பாரில்லாமல் அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஞாயிற்றுக்கிழமையில் எழிலுக்கு ஒரு வயது தாண்டியிருக்கும். நடக்க ஆரம்பித்திருப்பாள். காதுகூடக் குத்தியிருப்பார்கள்.

லொரேட்டா ஒரு காகிதத்தை முன்னால் தள்ளினார். "விசா முத்திரை குத்தணும்னா கோப்பை மூடணும். ஒரே ஆளுக்கு அங்க ரெண்டு இருப்பு இருக்கக் கூடாதுன்னு அவங்க சட்டம். மூடறதுன்னா, உள்ள ஓடறதை நிறுத்தறது. அவங்களுக்கு வலிக்காது, தெரியக்கூடத் தெரியாது. உங்க பிரதியை நிறுத்த உங்க கையெழுத்து போதும், ஏன்னா அது நீங்கதான். ஆனா குழந்தை யாரோட பிரதியும் இல்லை. அதனால குழந்தைக்குன்னு தனியா, பெத்தவங்கள்ல ஒருத்தர் போடணும்."

குலசேகர் தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டான். சுடரும் போட்டாள். மூன்றாவது இடத்துக்குப் பேனா போனபோது அவள் காகிதத்தின் மேல் கையை வைத்து மூடினாள்.

"நான் அவளைப் பார்க்கணும்."

"பார்க்கலாம் மேடம், காப்பாளருக்கு அந்த உரிமை உண்டு. பார்க்கிற நேரத்துக்கு மட்டும் உள்ள ஓடற வேகத்தை நம்ம அளவுக்குக் குறைச்சு வைப்போம். படம் மட்டும்தான் தெரியும், சத்தம் வராது. பேச முடியாது."

"நான் வரலை," என்றான் குலசேகர். "பார்த்துட்டா என்னால போட முடியாது சுடர்."

சின்ன அறை, சுவர் நிறையத் திரை. பனி பெய்துகொண்டிருந்த ஒரு பள்ளிக்கூட மைதானம். பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நீலக் கோட்டும் இரட்டைப் பின்னலுமாக ஒருத்தி. யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. சுடரின் சின்ன வயசுப் போட்டோவில் இருக்கிற அதே நெற்றி, அதே முறைப்பு.

எழில் விளையாட்டை விட்டு வேலியோரமாக நடந்தாள். அவள் நாலு எட்டுத் தள்ளிப் போனதும், பின்னாலிருந்த பிள்ளைகள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஓட எடுத்த கால் தரையில் படாமல் நின்றது. திறந்த வாய் திறந்தபடி நின்றது.

"என்ன மேடம் இது?" என்றாள் சுடர்.

"சிக்கனம் மேடம். அந்தக் குழந்தைகள் எல்லாம் வெறும் உருவங்கள். உங்க கோப்புக்குள்ள நிஜமா இருக்கிறது உங்க குடும்பம் மட்டும்தான். பக்கத்துல யாரும் கவனிக்கலைன்னா அவங்க ஓட மாட்டாங்க."

திரையில் எழில் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நொடியில் ஓட ஆரம்பித்தார்கள். அவள் முன்னால் பார்ப்பதுபோலப் பாவனை காட்டிவிட்டு மறுபடி வெடுக்கென்று திரும்பினாள். இன்னொரு முறை. இன்னொரு முறை. அது விளையாட்டு இல்லை, அவள் அவர்களைச் சோதித்துப் பார்க்கிறாள் என்பது சுடருக்குப் புரிந்தது. என் செல்லமே, உனக்குத் தெரிந்திருக்கிறதே, அந்த வயதில் அது தெரிந்து நீ எப்படித் தூங்குகிறாய்?

வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், காதோரம் நரை. கம்பளிக் கோட்டுக்குள் தாலிச் சரடு தெரிந்தது. தன்னையே அப்படிப் பார்ப்பது சுடருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எழில் ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டபோது, அந்த மைதானத்தில் அது ஒன்றுதான் உயிரோடு இருந்தது. சுடர் தன் வயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் லொரேட்டா எச்சரிக்கைபோல ஒன்றைச் சொன்னார். "ரொம்ப யோசிக்காதீங்க மேடம். நாங்க அவசரப்படுத்த மாட்டோம், ஆனா தள்ளிப்போட்டா உங்களுக்குத்தான் கஷ்டம். குழந்தைக்குப் பதினெட்டு தாண்டிடுச்சுன்னா காப்பாளர் கையெழுத்து செல்லாது. அப்புறம் அவங்களே போட்டாத்தான் உண்டு."

பதினெட்டுக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. சுடர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பிள்ளை தன்னை நிறுத்தச் சொல்லித் தானே கையெழுத்துப் போடும்? மூன்று மாதம் தள்ளினால் போதும், அதற்குப் பிறகு யாரும் அவளைத் தொட முடியாது.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையைப் பக்கத்து பிளாட்டுக்காரர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சா? வேலையை விட்டாச்சு, வீட்டைக் காலி பண்றதா சொல்லியாச்சு. ஒரு மிஷினுக்குள்ள இருக்கிற படத்துக்காக..."

"படம் இல்லைங்க. நம்ம பிள்ளை. நீங்க வந்து பார்த்திருந்தா தெரியும்."

"நம்ம பிள்ளை போயிடுச்சு சுடர்!"

"அப்ப அன்னைக்கு ஏன் நீங்க அழலை?" என்று கத்தினாள். "ரசம் வச்சுக் குடுத்தா ஆச்சா? ஒரு நாள், ஒரு வார்த்தை, என்கிட்ட பேசினீங்களா?"

அவன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான். அப்புறம், "நீ போட வேண்டாம்," என்றான். "அந்தப் பாவம் உனக்கு வேண்டாம். திங்கட்கிழமை நான் போய்ப் போட்டுடறேன். என்னோட போகட்டும்."

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான், அதுதான் கொடுமை. சுடர் அவனோடு பேச்சை நிறுத்தினாள். திங்கட்கிழமை அவன் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

ராத்திரி மையத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை, மறுபடியும் நேரம் வாங்கிக்கொண்டு வரவும் என்று. மறு நேரம் கிடைக்கப் பத்து நாள் ஆயிற்று. சுடர் வடபழனி முருகனுக்கு மனசுக்குள்ளேயே நன்றி சொன்னாள். இரண்டாவது முறையும் அவன் போனான், இரண்டாவது முறையும் ஒத்துப்போகவில்லை. மூன்றாவது முறையும் அதே செய்தி வந்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. பாலத்துக்குப் பாலம் நாளைக்குப் பத்துக் கையெழுத்துப் போடுகிற ஆள். பாங்கில் இத்தனை வருஷத்தில் ஒரு செக் திரும்பியது கிடையாது.

"உங்க கையெழுத்து மாறவே மாறாதே," என்றாள். மூன்று, நான்கு வாரத்துக்கப்புறம் அவள் அவனிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

குலசேகர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தான்.

"முதல் தடவை நிஜமாத்தான் போடப் போனேன். போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை மூஞ்சியைப் பார்த்துடலாம், பார்க்காம போட்டா அது கோழைத்தனம்னு தோணுச்சு. உள்ள போய் உக்காந்தேன். மூணு பேரும் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. அவ இடது கையால எடுத்துச் சாப்பிடறா சுடர். என்னை மாதிரியே. எங்கப்பா என்னை அடிச்சு அடிச்சு மாத்தினாரே, அந்தக் கை. அங்க இருக்கிற நான் ஒண்ணுமே சொல்லலை. அவ தட்டை அவ இடது பக்கமா நகர்த்தி வச்சேன். அவ்வளவுதான். அதைப் பார்த்துட்டு..." அவன் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தான். "வெளிய வந்து நானும் இடது கையாலதான் போட்டேன். எப்படி ஒத்துப்போகும்?"

"என்கிட்ட சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன!"

"சொல்லிட்டா அது நிஜமாயிடும்னு பயமா இருந்துச்சு."

அன்றைக்கு இரண்டு பேரும் அழுதார்கள், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து.

அதன் பிறகு இருவரும் கூட்டுக் களவாணிகளாகிவிட்டார்கள். நேரம் வாங்குவார்கள், போக மாட்டார்கள். குளிர் நாட்டுக் கம்பெனி இரண்டு முறை மெயில் அனுப்பிவிட்டு வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. குலசேகர் பழைய முதலாளியிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். சுடரைப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புக்குத்தான் எடுத்துக்கொண்டார்கள். போகவில்லை என்று வீட்டில் சொன்னபோது குலசேகரின் அண்ணி, "அங்க ஏதோ கோல்மால் பண்ணி மாட்டிக்கிட்டாங்க போல," என்று குடும்ப வாட்ஸ்அப்பில் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வாரத்துக்கு ஒரு வயது. போன வாரம் பத்து, இந்த வாரம் பதினொன்று என்று எண்ணினார்கள். மறுபடி போய்ப் பார்க்க இருவருக்கும் பயம். பார்த்தால் லொரேட்டா பேனாவை நீட்டுவார். எழிலுக்குப் பதின்மூன்று வயதான வாரம், சுடர் ஒன்றும் சொல்லாமல் கறுப்பு உளுந்தை வறுத்து அரைத்து, கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் விட்டுக் களி கிண்டினாள். குலசேகர் வாசனை பிடித்துக்கொண்டு வந்தான்.

"என்ன விசேஷம்?"

"எழில் பெரியவளாயிருப்பா. இல்லைன்னா இந்த வாரம் ஆயிடுவா."

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அந்தக் களியை உருட்டி உருட்டித் தின்றார்கள். தாய்மாமனைக் கூப்பிட வழியில்லை, தட்டு வரிசை இல்லை. உள்ளே அந்த இன்னொரு சுடரும் இதே வாரம் கிண்டியிருப்பாள், கறுப்பு உளுந்துக்கு அந்தக் குளிர் ஊரில் எங்கே போனாளோ என்று சுடர் நினைத்துக்கொண்டாள்.

பதினெட்டு தாண்டியது. எண்ணி வைத்திருந்த நாளுக்கு மேல் பயத்துக்கு நாலு நாள் கூட்டிக்கொண்டு, அப்புறம்தான் குலசேகர் பாதுஷா வாங்கி வந்தான். இனி அந்தக் கோப்பை யாராலும் மூட முடியாது. விசா இந்த ஜென்மத்தில் கிடையாது. சுடர் பாதுஷாவை வாயில் போட்டுக்கொண்டு, எத்தனையோ நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாளே மையத்திலிருந்து போன் வந்தது. "உங்க விசா தயார். பாஸ்போர்ட்டை வந்து வாங்கிக்கோங்க."

ஆட்டோவில் போகிற வழியெல்லாம், வேறு யாருக்கோ வர வேண்டிய போன் நமக்கு வந்துவிட்டது என்று குலசேகர் சொல்லிக்கொண்டே வந்தான்.

லொரேட்டா மேடம் இந்த முறை சிரிக்கவில்லை. இரண்டு பாஸ்போர்ட்டும் மேசைமேல் இருந்தன.

"நாங்க போடலையே மேடம்," என்றாள் சுடர். "குழந்தைக்குன்னு நாங்க யாருமே போடலையே."

"மூணாவது விண்ணப்பதாரர் போட்டுட்டாங்க. அவங்களேதான்."

"பொய்! எந்தப் பிள்ளை போடும்?"

"வயசு வந்தவங்களுக்கு உண்மையைச் சொல்லிக் கேட்டாகணும் மேடம், சட்டம் அப்படி. நான்தான் அவ போன்ல கூப்பிட்டுப் பேசினேன். அவ பயப்படலை. தனக்கு ஏதோ ஒரு மாதிரி சின்ன வயசுல இருந்தே தெரியும்னா. அப்புறம் கேட்டா, 'இங்க இருக்கிற அம்மா அப்பாவும் அங்க இருக்கிறவங்களும் ஒரே ஆளுங்கதானா?'ன்னு. ஆமாம்னேன். 'அப்ப அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நான் மட்டும்தான்,'னா."

குலசேகர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"'ஏன் இன்னும் மூடாம வச்சிருக்காங்க?'ன்னு கேட்டா. உனக்காகத்தாம்மா, உங்க அம்மாவும் அப்பாவும் கையெழுத்துப் போடாம இருக்காங்கன்னேன். 'எப்ப இருந்து?'ன்னு கேட்டா. உனக்கு ஆறு வயசுல இருந்துன்னேன். அதுவரைக்கும் தைரியமாப் பேசினவ, அதைக் கேட்டதும் உடைஞ்சு போயிட்டா. 'பன்னெண்டு வருஷமாவா? எனக்காகப் பன்னெண்டு வருஷமா எங்கயும் போகாம உக்காந்திருக்காங்களா?'ன்னு தேம்பித் தேம்பி அழுதா."

"மூணு மாசம்!" சுடர் மேசையில் அடித்தாள். "இங்க மூணு மாசம்தாண்டின்னு சொல்ல வேண்டியதுதானே! சொல்லலையா நீங்க?"

"கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லலாம் மேடம். அவங்க நினைக்கிறதைத் திருத்தக் கூடாது, மனசை மாத்தற மாதிரி எதுவும் சொல்லக் கூடாது. பக்கத்துல சாட்சிக்கு ஆள் உக்காந்திருந்தாங்க." லொரேட்டாவின் கை சிலுவையைத் தேடிப் பிடித்தது. "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க மேடம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு ஜோடியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"போடும்போது அவ அம்மா எங்க இருந்தா?" என்று சுடர் கேட்டாள்.

"அடுக்களையில. சாப்பிடக் கூப்பிட்டுட்டு இருந்தாங்க. ரெண்டு மூணு தடவை கூப்பிட்டது எனக்கே கேட்டுச்சு." லொரேட்டா நிமிர்ந்து பார்க்கவில்லை. "'இதோ வரேம்மா'ன்னு சொல்லிட்டுப் போட்டா."

குலசேகர் முகத்தைப் பொத்திக்கொண்டான். விரல் இடுக்கு வழியாகத்தான் அவன் பேச்சு வந்தது. "நமக்கு வேண்டாம் சுடர். திருப்பிக் குடுத்துடலாம். அங்க வேலையும் இல்லை, ஒண்ணும் இல்லை. வா, வீட்டுக்குப் போயிடலாம்."

சுடர் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்தாள். ஒன்றைப் பிரித்து முத்திரை விழுந்த பக்கத்தைப் பார்த்தாள்; மை இன்னும் புதுசாக இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"போகணுங்க," என்றாள். "பன்னெண்டு வருஷமா காத்திருந்தோம்ல."